ரோஜா அத்தை பெயர் கொடுத்த சனிக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபிறகு, ரோஜா அத்தை அறுபத்திரண்டு சின்னக் கிண்ணங்களைக் கழுவுவாள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். முன்பு எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கு ஒன்று வந்துவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் திராட்சை ரசம் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்பது எங்கள் கோயிலின் வழக்கம். அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தின் தூரில் ஊற்றிவிட்டு வருவாள். வெள்ளிக் கிண்ணத்தின் காலத்தையும் சேர்த்து இருபத்தெட்டு வருஷமாக இந்த வேலை அவளுடையது. அத்தனை வருஷத்தில் ரசம் பட்ட விரலை ஒருமுறைகூட அவள் நாக்கில் வைத்ததில்லை.

அவள் அப்பமும் எடுப்பதில்லை, ரசமும் எடுப்பதில்லை. ஊரில் பலருக்கு அது மறந்தே போய்விட்டது. பாடல்களை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள், மேசைத் துணியை வெளுத்துக் கஞ்சி போட்டுக்கொண்டு வருவாள். ஜனங்கள் எழுந்து மேசைக்குப் போகும்போது மட்டும் கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள்.

நான் இதைக் கவனித்தது பிப்ரவரியில். நாலு வருஷம் பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்துவிட்டுத் திண்டிவனத்துக்கு அப்போதுதான் திரும்பியிருந்தேன். தரை அசையாமல் இருந்தது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அம்மா மாப்பிள்ளைகளின் போட்டோக்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

ரோஜா அத்தை என் அப்பாவின் தங்கை. காணைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஐம்பது வயது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த வேலை. மாமா துரைக்கண்ணு கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி, அவரையும் சேர்த்து ஏழு பேர்.

கிண்ணங்களைத் துடைத்துக்கொடுக்க உட்கார்ந்த நான் சும்மாதான் கேட்டேன்.

"நீ ஏன் அத்த போவல?"

"எங்க?"

"மேசைக்கு."

"ஈரம் போவத் துடை. பூசணம் புடிச்சிக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் மாமா மெதுவாகச் சொன்னார். "அதக் கேக்காத வாணி. நானே கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சிட்டேன்."

ஆனால் இரண்டு நாள் கழித்து அத்தை தானாகவே சொன்னாள். வார்டில் ஏதோ ஒரு குழந்தை குணமாகி வீட்டுக்குப் போன நாள் அது. நல்ல மனநிலையில் இருந்தாள். சொல்லச் சொல்ல அது போய்விட்டது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மூத்த பையன் தேவாவுக்குப் பதினாலு மாதம். ஒரு முதல் ஞாயிறு. நடவு அவசரம் என்று நிலத்துக்காரர் ஆள் அனுப்பினதால் விடியும் முன்பே போய்விட்டாள். அரைநாள் வேலை. வரப்பில் உட்கார்ந்து கேப்பைக்கூழ் குடித்தாள். பிறகு சேற்றுக்காலோடு ஓடினாள், கோயிலுக்கு. உள்ளே கடைசி வரிசை மேசையைச் சுற்றி முட்டிபோட்டுக்கொண்டிருந்தது. இவளும் போய் ஓரத்தில் முட்டிபோட்டாள். எங்கள் கோயிலில் மேசைக்குப் போகிறவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகவேண்டும். முதல்நாள் சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். பெயரை முதல்நாளே கொடுத்திருந்தாள். கூழ் குடித்தது வாயில் அப்பம் கரைந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை பையனுக்கு ஜுரம். வெள்ளிக்கிழமை வலிப்பு. அப்போது முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் மடியிலேயே பையன் குளிர்ந்துவிட்டான்.

அந்தக் காலத்து உபதேசியாரின் மனைவி வீரம்மாள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "கூழக் குடிச்சிட்டாடி மேசைக்குப் போன? வசனம் இன்னா சொல்லுது?"

அந்த வசனம் எல்லோருக்கும் தெரியும். மேசைக்கு அழைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் வாசிப்பார்கள். தகுதியில்லாமல் இந்த அப்பத்தைத் தின்று இந்தப் பாத்திரத்தில் குடிக்கிறவன் தன் மேலேயே தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான். உங்களில் பலர் நோயில் கிடப்பதும் சிலர் செத்துப்போனதும் இதனால்தான் என்று பவுல் கொரிந்தியர் கடிதத்தில் எழுதுகிறார்.

"நான் தின்னேன். அவன் போயிட்டான்" என்றாள் அத்தை. "அப்புறம் எப்டிடி போய் முட்டி போடுவேன்?"

"ஆசையா இல்லியா உனக்கு?"

"ஆசையா?" அத்தை சிரித்தாள். "இருவத்தெட்டு வருசமா முதுவையே பாத்துக்கினு குந்தியிருக்கேன். மூஞ்சியப் பாக்காம, முதுவ வெச்சே யாரு எவருன்னு சொல்லுவேன். அம்மாம் ஆச."

அந்த மாதம் நடுவில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், நெல் மூட்டை, ஒரு சேவல் எல்லாம் ஏலம் போய்முடிந்து, ஒரு மணிக்குப் பந்தி போட்டார்கள். பிரியாணி. மாமாவும் அவர் கூட்டமும் அன்றைக்கும் வெட்டுக்குப் போயிருந்தார்கள். ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டால் நாள் கிழமை கிடையாது. அவர்கள் டிராக்டரில் வந்து இறங்கும்போது மணி மூன்று. கரும்பின் சோகை இலை கிழித்த கைகளோடு இலைமுன்னால் உட்கார்ந்தார்கள். வாளியில் குஸ்காதான் மிச்சம் இருந்தது.

"கறி வெச்சிருந்த எடத்தையாவது காட்டுங்கப்பா, மோந்து பாத்துட்டுப் போறோம்" என்றார் மாமா.

முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வீரம்மாள் சொன்னாள்: "நேரத்தோட வந்தா இன்னாவாம்? பண்டிக அன்னிக்கும் உங்களுக்கு வெட்டுதானா?"

"ஆர்டர் பேப்பர்ல பண்டிகன்னு போடலியே சித்தி. போட்டிருந்தா கையெழுத்து வாங்கியாந்திருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே குஸ்காவைச் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அத்தையும் நானும் மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது.

"அத்த, நான் கொரிந்துக்குப் போயிருக்கேன்."

"எந்தக் கொரிந்து?"

"பவுல் கடுதாசி எழுதினாரே, அதே கொரிந்துதான்."

உரிப்பதை நிறுத்தினாள். "அது நெஜ ஊரா? பஸ்ஸு கிஸ்ஸு போவுதா?"

"நான் பஸ்ஸுலதான் போனேன். கப்பல் ஒருநாள் நின்னுச்சு."

போனில் படங்களைக் காட்டினேன். இடிந்த தூண்கள், வெயில், பின்னால் பெரிய பாறைமலை. அத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "செஞ்சிக்கோட்ட மாதிரியே கீது. ஒரே கல்லு." பிறகு வெகுநேரம் அந்த மலையையே பார்த்தாள். தான் மனப்பாடமாக வைத்திருந்த வசனம் வரும் புத்தகத்தின் பெயருக்கு மலையும் வெயிலும் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு வழிகாட்டி அந்தக் காலத்துப் பணக்கார வீடு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டினார். அதை அத்தைக்குச் சொன்னேன். அப்போது கோயில் கட்டடமே கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் சபை கூடும். சாப்பாட்டு அறையில் ஒன்பது பேருக்குத்தான் இடம், அதுவும் திண்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு. மற்றவர்களுக்கு முற்றம்.

"அவங்க எடுத்தது இத்துனூண்டு அப்பம் இல்ல அத்த. முழுச் சாப்பாடு. அதுக்கு நடுவுலதான் அப்பமும் ரசமும்."

"முழுச் சோறா!" என்றவள், கொஞ்சம் யோசித்துக் கேட்டாள். "ஞாயித்துக்கெழம லீவு உண்டா அங்க?"

"ஏது லீவு? அடிமைங்க, கூலிக்காரங்கல்லாம் வேல முடிச்சிட்டுப் பொழுது சாஞ்சுதான் வருவாங்க."

"அதுக்குள்ள உள்ள படுத்திருக்கிறவனுங்க தின்னு முடிச்சிருப்பானுங்க."

"ஆமா. ஒருத்தன் பட்டினியா நிக்குறான், இன்னொருத்தன் குடிச்சிட்டு வெறியில கெடக்குறான்னு பவுல் அதுக்குத்தான் திட்றாரு."

"குஸ்கா" என்றாள் அத்தை.

எழுந்துபோய் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கோயிலில் வாசிக்கும் பகுதி அவளுக்குப் பார்க்காமலே வரும். அதற்கு மேலே இருக்கிற வரிகளையும் கீழே இருக்கிற வரிகளையும் அவள் அதோடு சேர்த்துப் படித்ததில்லை. கோயிலில் அவற்றை விட்டுவிடுவார்கள். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கும் இடத்தில் நின்றாள். மறுபடி இறங்கினாள். அவளைப் பயமுறுத்திய வசனத்தைத் தாண்டிக் கடைசியில் ஒரு வரி: சாப்பிடக் கூடி வரும்போது ஒருவருக்கொருவர் காத்திருங்கள். அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

"அப்போ தகுதியில்லாமத் தின்னவன்னு அவரு சொன்னது…"

"காத்திருக்காமத் தின்னவங்கள. படிச்சவங்க பலபேரு அப்டித்தான் சொல்றாங்க."

"கூழ் குடிச்சிட்டு லேட்டா வந்தவள இல்ல?"

"லேட்டா வந்தவளுக்காகத்தான் அவரு சண்டையே போடுறாரு, அத்த."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். முறத்தைத் தள்ளிவிட்டாள். மல்லாட்டை தரையெல்லாம் சிதறியது.

"அப்போ எம் புள்ள எதுக்குடி செத்தான்?"

நான் குனிந்து மல்லாட்டையைப் பொறுக்கினேன். இருபத்தெட்டு வருஷமாக அவளிடம் ஒரு காரணம் இருந்தது. கொடுமையான காரணம்தான், ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். ஒரு போட்டோவைக் காட்டி அதை நான் பிடுங்கிவிட்டேன். அடுத்த மூன்று நாள் அவள் என்னிடம் சோறு வேண்டுமா என்பதற்குமேல் பேசவில்லை. திண்டிவனத்துக்குத் திரும்பிவிடலாமா என்று பையைக்கூட எடுத்துவைத்தேன்.

நாலாவது நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: "வா. அஞ்சம்மாக்கா வூட்டுக்குப் போயிட்டு வரலாம்."

அஞ்சம்மாள், மாமா முன்பு வேலைசெய்த நிலத்துக்காரர் பாண்டுரங்கனின் மனைவி. எழுபது வயது இருக்கும். வீட்டுக்கு வெளியே மோட்டார்க் கொட்டகைப் பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

"இன்னா ரோஜா, இந்தப் பக்கம்?"

"ஒண்ணு கேக்கணும்க்கா. தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க சின்னப்பொண்ணு தவறிப்போனது எந்த மாசம்?"

அஞ்சம்மாளின் கை தவிட்டுக்குள்ளேயே நின்றது. "ஐப்பசி. ஏன்?"

"எம் புள்ளயும் ஐப்பசிதான். அதே வருசம்."

"தெரியும். உன் வூட்டுல அழுத சத்தம் இங்க கேட்டுது. எங்களுக்கு அதுக்கு மொத வாரம்."

"ஜொரமாக்கா?"

"ஜொரம், அப்புறம் இழுப்பு. கண்ணு மேலயே சொருவிக்கிச்சு. மாரியாத்தாளுக்கு அந்த வருசம் ஆடியில கூழ் ஊத்தல நான். மாமியா சாவுத் தீட்டு. அதான் ஆத்தா எடுத்துக்கினான்னு எல்லாரும் சொன்னாங்க. அன்னிலருந்து ஒரு வருசம் தவறுனது இல்ல, ரெண்டு அண்டா ஊத்துறேன்."

அத்தை சுவரில் சாய்ந்தாள். "நீங்க கூழ் ஊத்தலன்னு. நான் கூழ் குடிச்சேன்னு."

முழுவதையும் சொன்னாள். வார்டில் நர்ஸம்மாவிடம் அன்று காலை கேட்டதையும் சொன்னாள். அந்த வருஷங்களில் இந்தப் பக்கமெல்லாம் மூளைக்காய்ச்சல் இருந்தது. நெல்வயலில் தண்ணீர் நிற்கும்போது பெருகும் கொசுவால் வருவது. இப்போது பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிடுகிறார்கள்.

"கொசுவா?" என்றாள் அஞ்சம்மாள். "வெறும் கொசு?"

"வெறும் கொசுக்கா."

இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. அஞ்சம்மாள் தன் பெண்ணுக்கு ரெட்டைப் பின்னல் போட்டால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத்தான் நிற்கும் என்றாள். தேவா நடக்கப் பழகும்போது பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான் என்று அத்தை சொன்னாள். எனக்கே அது தெரியாது. அதுவரை அவன் எப்படிச் செத்தான் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் பேசியிருக்கிறோம்.

சனிக்கிழமை சாயங்காலம், மார்ச் மாத முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள், அத்தை போதகர் வீட்டுக் கதவைத் தட்டினாள். போன வருஷம்தான் வந்தவர், சின்ன வயது. மேசைமேல் நோட்டு விரித்திருந்தது.

"மேசைத் துணி வெளுத்தாச்சாம்மா?"

"ஆச்சுங்க ஐயா. பேர் குடுக்க வந்தேன்."

"யார் பேரு?"

"என் பேருதான். ரோஜா."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு எழுதினார்.

"இன்னும் ஏழு பேருங்க. துரைக்கண்ணு, பெரியசாமி, வல்லரசு…"

"அவங்கவங்க நேர்ல வந்து குடுக்கணுமேம்மா."

"சனிக்கெழம சாயங்காலம் அவங்க லாரிக்கு லோடு ஏத்திக்கினு இருப்பாங்க ஐயா. நீங்க வேணா நோட்டைப் பின்னால தள்ளிப் பாருங்க. வெட்டு நடக்குற மாசத்துல அவங்க பேரு ஒண்ணுகூட இருக்காது."

அவர் தள்ளிப் பார்த்தார். இல்லை.

"நாளைக்கும் வெட்டு இருக்குமே. எப்ப வருவாங்க?"

"பத்து பத்தேகாலு ஆவும்."

"எனக்குப் பதினொண்ணுக்கு அடுத்த ஊர்ல ஆராதனம்மா. அங்கயும் ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க."

அத்தை பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினாள். போதகர் குனிந்து பார்த்தார். காது சிவந்தது.

"தெரியும்மா" என்றார். "பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன்." பிறகு ஏழு பெயர்களையும் எழுதினார். "பத்தேகால். அதுக்குமேல முடியாது."

ஞாயிறு காலையில் அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கூழ் குடிச்சிட்டே போலாமே அத்த. அதுல ஒண்ணுமில்லன்னு இப்பதான் தெரிஞ்சிடுச்சே."

"இருக்கட்டும்டி. பசியோடயே போறேன். இவ்ளோ வருசப் பசி, இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்காதா?"

பிரசங்கம் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. மேசையில் அப்பமும் கிண்ணங்களும் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தன. போதகர் ஜனங்களைப் பார்த்து, கொஞ்சம் பேர் வரவேண்டியிருக்கிறது, காத்திருப்போம் என்றார். யாராவது ஒரு பாட்டு ஆரம்பியுங்கள் என்றார். பாட்டு முடிந்தது. இன்னொன்று பாடினோம். பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இருமினார். அத்தை கதவுப்பக்கம் எழுந்து நின்று சாலையையே பார்த்தாள்.

"யாருக்குடி காத்துக்கினு கீற ரோஜா?" முன்வரிசையிலிருந்து வீரம்மாள் திரும்பிக் கேட்டாள். "மாப்ள அழைப்பா?"

"மாப்ளதான் சித்தி. கரும்பு லாரில லோடு ஏத்திட்டு வரணுமே."

கோயிலே சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு உடனே மணியைப் பார்த்தார். பத்து பதிமூன்று. பத்து பதினாலு. அத்தை விரல்களைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வராவிட்டால் அவளும் போகமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டிராக்டர் சத்தம் முதலில் அவளுக்குத்தான் கேட்டது. ஏழு பேரும் அடிபம்பில் கைகால் கழுவிக்கொண்டு, சட்டைப் பொத்தான்களைப் போட்டபடி உள்ளே வந்தார்கள். தலையில் சோகைத் துணுக்குகள். எல்லோரும் தங்களையே பார்ப்பதைக் கண்டு மாமா வாசலிலேயே தயங்கினார்.

"இன்னாம்மா, ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமா?"

"ஒண்ணுமில்ல, ஜல்தியா வா" என்றாள் அத்தை.

போதகர் வழக்கமான வசனத்தை வாசித்தார். ஆனால் வழக்கமான இடத்தில் ஆரம்பிக்கவில்லை. முந்திச் சாப்பிட்டவர்களிடமிருந்து ஆரம்பித்து, காத்திருங்கள் என்பது வரைக்கும் வாசித்தார். வரிசை வரிசையாகப் போனார்கள். வெட்டுக்காரர்கள் போனார்கள். கடைசியாக அத்தை. முதல் தடவையாக அவள் முதுகை நான் பார்த்தேன். ரவிக்கையின் பின்பக்கம் வேர்வையில் நனைந்திருந்தது. ஏந்தின கைகளில் அப்பம் ஒருமுறை துள்ளியது. போதகர் தன் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபிறகு கிண்ணங்களைக் கழுவ உட்கார்ந்தோம். அன்றைக்கு எழுபது.

"எப்டி இருந்துச்சு அத்த?"

"உப்பில்லாத அப்பளம். நாக்குல வெச்சதும் காணாமப் போயிடுச்சு." சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "அவ்ளோ சீக்கிரமா முடிஞ்சிடும்னு மறந்தே போச்சுடி."

பிறகு மற்றக் கிண்ணங்களையும் கழுவி முடித்தாள். முதல் தண்ணீரைப் புங்கமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தவள் கேட்டாள்: "அடுத்தது என்னிக்கு?"

போனில் பார்த்தேன். "ஏப்ரல் ஆறு."

"எத்தினி நாளு?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சா?" அந்தக் காலண்டரை நான்தான் அச்சடித்ததுபோல என்னைப் பார்த்தாள். "நடுவுல ஒண்ணு வெக்க மாட்டாங்களா?"